ஒன்பதுக்கு எத்தனை

கச்சான் காற்று தொடங்கி நாலாம் நாள்
தார்ப்பாய் மூடி லொறியில் வந்தது அது.
ஒலுவில் துறைமுகத்தில்
கப்பல் வராத கொங்கிறீற்றுத் தரையில் இறக்கினார்கள்.

பெயர் இல்லை. எழுநூற்று நாற்பத்தாறு என்று ஓர் எண்.
ஜீப் என்றால் ஜீப் இல்லை,
கார் என்றால் கொஞ்சம் உயரம்.
ரெண்டுக்கும் நடுவில் காசுக்காரர் ஏறுகிற ஒரு சாதி
என்றான் கொழும்பால் வந்த சுரங்க.
உருவம் தெரியாமலிருக்க
உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைச் சுழி ஒட்டியிருந்தது,
விடியப்புறம் நண்டு ஓடின மணல்போல.

என் வேலை லேசு.
எட்டு மணியிலிருந்து பின்னேரம் நாலு வரை
அரை மணிக்கு ஒருக்கா
கண்ணாடிக்கு வெளியே நின்று
திரையில் தெரியும் எண்களைக் கொப்பியில் எழுத வேணும்.
கதவைத் திறக்கக் கூடாது.
படம் எடுக்கக் கூடாது.
அதன்மேல் நிழல் விழக் கூடாது,
என்னுடையது உட்பட.

பதினொன்றரை: டாஷ்போர்ட் எழுபத்தொன்று.
பன்னிரண்டு: எழுபத்தேழு. ஸ்டியரிங் அறுபத்தெட்டு.
லுஹருக்குப் பாங்கு கேட்டது.
ஒன்று: எண்பத்து நாலு.
அதற்குப் பிறகு வியர்வையில் மை கரைந்து
நாலா ஒன்பதா என்று எனக்கே சந்தேகம்.

வண்டிக்குக் கீழே ஒரு நாய் படுத்திருந்தது.
எழுப்பவா என்று கேட்டேன்.
கீழே விழும் நிழல் கணக்கில் இல்லையாம்.

தோல் சுருங்குதா, பசை இளகுதா, வாசம் மாறுதா,
இதுதான் அவர்களுக்குத் தெரிய வேணும்.
மியாக்கே என்ற பொம்பிளை இஞ்சினியர்
நாலு மணிக்குக் கதவை விரற்கடை திறந்து
மூக்கை உள்ளே விடுவா.
கண்ணை மூடுவா.
ஒரே ஒரு சொல் எழுதுவா.
அவவின் மூக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கு என்றான் சுரங்க.
பகிடியா என்று தெரியவில்லை.

ஆறு வருஷமாம் இதை உருவாக்க.
களிமண்ணில் செய்து,
பக்கக் கோட்டை ஒரு நூல் கீழே இறக்கி,
மறுகா களிமண்.
கதவு சாத்துகிற சத்தத்துக்கே தனியாக ஒன்பது பேர்.
தகரம்போல் கேட்கக் கூடாதாம்.
சுனாமிக்குப் பிறகு எங்களுக்குத் தந்த வீட்டில்
நான் கதவு சாத்தினால்
அடுத்த வளவு ஜுமானா ராத்தா "ஆரு?" என்பா.

கடைசி நாள் குளிரூட்டிப் பரீட்சை.
வழக்கமாக இருக்கிறவருக்கு வயிற்றோட்டம்.
ஐந்தடி எட்டில் ஓர் ஆள் வேணும்.
ஆதம்பாவா ஜெஸீல் என்று படிவத்தில் எழுதி
முதுகில் மூன்று வயரும் கழுத்தில் ஒன்றும் ஒட்டினார்கள்.
என் சூட்டை அன்றைக்குத்தான் ஒருவர் எழுதினார்:
முப்பத்தேழு புள்ளி ஆறு.

ஏறினேன். கதவு சாத்தியது.
அந்த ஒன்பது பேரின் சத்தம்.
கடல் நின்றுவிட்டது.
எங்கள் தென்னைகளைத் தின்ற கடல்,
ராவு பகல் ஓயாதது,
ஒரு ரப்பர் விளிம்புக்கு அப்பால் வாயசைத்தது.

காதுக்குள் சுரங்க:
"ஒன்று என்றால் தாங்க ஏலாது. ஒன்பது என்றால் முழுச் சுகம். இப்ப எத்தனை?"

ஐந்து என்றேன்.

வெளியே ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
உள்ளே ஐம்பத்தெட்டு பாகை.
மற்ற நாடுகளில் எல்லாரும் ஒன்று என்பார்களாம்.
"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."
யோசித்தேன்.
தலைக்கு மேலே கூரை இருக்கு.
நிற்கவில்லை, இருக்கிறேன்.
ஐந்துதான்.

நாலாம் நிமிஷம் எட்டு.
ஏழாம் நிமிஷம் குளிர் வந்து
வயர்களுக்குக் கீழே விரல் வைத்தது.
ஒன்பது என்று வாயெடுத்தேன்.
கண்ணாடிக்கு அப்பால்
என் கொப்பியோடு என் இடத்தில் சுரங்க,
தன் நிழல் வண்டியில் படாமல் சரிந்து நின்றான்.
எட்டு என்றேன்.
திரும்பக் கேட்டான்.
எட்டு.

என் எண்களைச் சேர்க்கவில்லையாம்.
'ஒத்துவராத ஆள்' என்று போட்டிருந்ததாம்.

லொறி போன பிறகு தரையில்
குளிரூட்டி சொட்டின தண்ணீர்,
ஒரு சிரட்டை அளவு.
நாய் வந்து நக்கியது.
நேரம் பார்த்தேன்: மூன்றரை.
கை பேனைக்குப் போனது.
கொப்பியை வாங்கிவிட்டார்கள்.