பூட்டிய வீடு, பழுதான மீட்டர்

மின்சாரம் வேண்டாம் என்ற மக்களைப் பற்றி
ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
பிழைப்பு மின்வாரியத்தில், கணக்கீட்டாளர்.
கோத்தகிரிக்குக் கீழே, அரவேணுப் பக்கம் எட்டு ஹட்டிகள்,
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
வீடுவீடாக ஏறி இறங்குவேன்.
லைன்மேன் சகாயராஜ் கேட்கிறார்:
“நம்ம உலையில நாமே மண்ணள்ளிப் போடுற கதையா மேடம்?”

ஆமிஷ்காரர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.
பென்சில்வேனியா என்று எழுதவே
இரண்டு முறை அடித்துத் திருத்தினேன்.
நூலகத்தில் அட்டை கிழிந்த பத்திரிகை ஒன்று,
அதில் கறுப்பு வண்டி, ஒற்றைக் குதிரை,
பொத்தானுக்குப் பதில் குண்டூசி குத்திய உடுப்பு,
முகம் வரையாத துணிப்பொம்மை,
வயல் ஓரத்துக் கொட்டகையில் ஊருக்கெல்லாம் ஒரு தொலைபேசி.
அவ்வளவுதான் கையிருப்பு.

மீதி களவு.

தலையில் வெள்ளைத் துணி கட்டி
ஓடையில் கேரட் கழுவிய நஞ்சியம்மாள்
பதினோராம் பக்கத்தில் ரேச்சல் ஆனாள்.
அவளுக்குத் தெரியாது.
ஒரு வீட்டுக்குத் தளம் போட்ட அன்று
ஹட்டியே வரிசையில் நின்று சிமெண்ட் சட்டி கைமாற்றியது.
மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டேன்.
இரவில் சிமெண்டை மரமாக்கினேன்,
மொட்டைமாடியைக் களஞ்சியமாக்கினேன்.
அண்டாவில் கொதித்த அவரை உதக்கத்தை மட்டும்
ஆப்பிள் அப்பமாக மாற்றியதும்
மணம் போய்விட்டது.

குதிரைக்காக ஊட்டி ஏரிக்கரைக்குப் போனேன்.
ஏறாமல் முகர்ந்துகொண்டு நின்றவளை
குதிரைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார்.
“ஏறினா நூறு. சும்மா நிக்கிறதுன்னா
அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க.”
ஈரச் சாக்கு, புளித்த புல், பழைய தோல்.
நூறு ரூபாய் மிச்சம்.

ஒன்று மட்டும் உட்காரவே இல்லை:
ரேச்சல் ஏன் விளக்கை வேண்டாம் என்கிறாள்?
நாலு பக்கம் வேதம் பேசவைத்தேன்.
நாலு பக்கமும் ஒலிபெருக்கி வைத்த மாதிரி இருந்தது.

கடைசி வளைவுக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில் கெப்பியம்மா வீடு.
மீட்டரில் 412.
போன முறையும் 412. அதற்கு முன்பும்.
கைக்கருவி கேட்கிறது:
பூட்டிய வீடா? பழுதான மீட்டரா?
மூன்றாவது கட்டம் கிடையாது.

கதவு திறந்தே இருந்தது.
உள்ளே அடுப்பு வெளிச்சத்தில் அவள்,
என் வயதுதான் இருக்கும்,
பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.
“நூறு யூனிட் இலவசம்தானே அக்கா, போட்டுக்கலாமே?”
“இலவசம்னா வாங்கிக்கணுமா?”
“சாமிக்கு ஏதாவது நேர்த்தியா?”
“இல்ல.”
“வீட்ல யாராவது ஷாக் அடிச்சு...”
“ஏம்மா, இப்படிக் கெட்டதா நினைக்கிறே? கண்ணு கூசுது. அவ்வளவுதான்.”

விடவில்லை நான். செல்போன் இருக்கிறதே,
அலமாரியில் மின்னுகிறதே என்றேன்.
“அதுக்கென்ன, ஃபேக்டரியில சார்ஜ் போட்டுக்குவேன்.
வீட்டுக்குள்ள தூங்குறப்ப
ஒண்ணும் முழிச்சிட்டு இருக்கக் கூடாது.”

வயல் ஓரத்துத் தொலைபேசியைப்
பொய்வேஷம் என்று எண்ணி
நாவலில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.
அன்று இரவு கொட்டகையோடு சேர்த்தேன்.
வேதம் பேசிய நாலு பக்கத்தையும் அடித்தேன்.
ரேச்சல் இப்போது யாரிடமும் எதையும் விளக்குவதில்லை.
பூண்டு உரிக்கிறாள்.
அங்கே பூண்டு விளையுமா, விசாரிக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன்,
அவள் நீட்டிய டீயை வாங்கி
அவள் வாசலிலேயே உட்கார்ந்து
இடது கட்டைவிரலால்
‘பூட்டிய வீடு’ என்று அழுத்தினேன்.
பதினாறு வருட வேலையில்
அலுவலகத்துக்கு நான் எழுதிய முதல் கதை.

அடுத்த மாதம் சரிபார்க்கச் சகாயராஜை அனுப்புவார்கள்.
மழையில் நனைந்துகொண்டு வளைவில் இறங்கி,
பூட்டு எங்கே என்று தேடுவார்.
அவருக்கும் ஒரு டீ கிடைக்கும்.