காவேரிப்பாக்கம் ஏரி, பங்குனி

ஏரி பின்வாங்கியிருக்கிறது,
என் காலடியில் பதினொன்று.
நேற்று வரைந்த கரை
தாளில் மட்டும் இன்னும் ஈரம்.

உள்ளான் ஒன்று
சேற்றைத் தைத்துக்கொண்டே ஓடுகிறது.
பென்சில் அதன் காலை எட்டுவதற்குள்
நூலறுத்துப் பறந்துவிட்டது.

மதகருகே வலை உதறிய முனிரத்தினம்
எட்டிப் பார்த்தார்:
"கொக்கு சரி. தண்ணிதான் பொய்."

நீலம் வைத்திருந்தேன்.
கடலோரம் வரைந்த கை.

பிளாஸ்க் மூடியில் மிஞ்சிய தேநீரை
அவர் விரல் நின்ற இடத்தில் கவிழ்த்தேன்.
பழுப்பு பரவியது
கொக்கின் வயிறுவரை.
"ம்" என்றார், வலைக்குத் திரும்பினார்.

ஆள்காட்டி தலைக்குமேல் கத்திக்கொண்டேயிருந்தது.
செருப்புக்கு ஒரு சாண் தள்ளி
அதன் முட்டைகள்,
நான்கும் கூழாங்கல் நிறம்.

அவற்றை வரையவில்லை.
நோட்டை மூடி
வந்த தடத்திலேயே
பின்னால் நடந்தேன்.