கயிறு நீங்கலாக

ஜங்ஷன் லாட்ஜ், அறை எண் இருநூற்றியேழு.
செவ்வாய்க்கிழமை. மேலப்பாளையம் சந்தையை
மச்சினனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார் ரசவு மைதீன்.
தோளில் துண்டு.
அதற்குள் விரல் பிடித்து
இருபத்தெட்டு வருஷம் மாடு பேசியவர்.
எங்கள் கழகத் தலைவர்.
நான் பொருளாளர்: சந்தையில் ரசீது கிழிப்பவன்.
ரப்பர் ஸ்டாம்பும் நீல மையும் என் பையில்.

எதிரே சென்னை கிளப்பின் தீனதயாளன்.
அவர் லேப்டாப்பில் எங்கள் கசாலியின் இடது கால்
திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.
எத்தனை கிலோமீட்டர், எத்தனை கிராஸ்,
எந்த நிமிஷத்தில் வேகம் குறைகிறது,
எல்லாம் இருந்தது.
நோன்பு மாசத்துக் கணக்கு அது என்றேன்.
அதை மட்டும் அவர் குறித்துக்கொள்ளவில்லை.

ஒப்பந்தம் இன்னும் பதினாலு மாசம் இருந்தது.
பையனை யார் விற்க முடியும், வே,
அந்தப் பதினாலு மாசம்தான் சரக்கு.
தீர்ந்துபோனால் அவன் சும்மா போவான்,
நாங்கள் கையாட்டலாம்.
தீனதயாளனுக்கும் தெரியும்.
அதனால்தான் டீயை ஆறவிட்டுக் குடித்தார்.

பன்னிரண்டு என்றோம். நாலு என்றார்.
பழக்கத்தில் ரசவு மைதீன் துண்டை நீட்டினார்.
அவரோ கை துடைக்க என்று நினைத்து
டீக்கறையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

சந்தையில் பல்லைப் பார்ப்பார்கள்.
இங்கே முட்டியை ஸ்கேன் எடுத்தார்கள்,
வண்ணார்பேட்டையில், எங்கள் செலவில்.

ஏழு லட்சத்தில் நின்றது.
மூன்று உடனே.
மீதி நாலு, அவன் பத்து ஆட்டம் இறங்கியபிறகு.
கையெழுத்துக்கு முன்னால் ரசவு மைதீன் பேனாவை மூடினார்.
“மாட்ட வித்தாலும் கயித்த விக்கமாட்டோம்.”
தீனதயாளன் என்னைப் பார்த்தார்.
நாளைக்கு வேறு கிளப்புக்கு நீங்கள் அவனை விற்றால்
லாபத்தில் பதினைந்து சதவீதம் எங்களுக்கு என்றேன்.
பத்து என்று முடிந்தது.
அது கயிறு.

கசாலியைக் கூப்பிட்டோம்.
அவன் சம்பளம் தனிப் பேச்சு, எங்களிடம் சொல்லவில்லை.
தடையில்லாச் சான்றில் முத்திரை குத்தும்போது
“அண்ணே, மை நல்லா பதியட்டும்” என்றான்.
அவ்வளவுதான் சொன்னான்.

முதல் மூன்று லட்சம்
பூட்ஸ் கடைக் கடனும்
போன வருஷக் கோப்பைப் போட்டியின் பந்தல் பாக்கியுமாகக்
கரைந்தது.

ஒன்பது ஆட்டம் ஆடினான்.
காலண்டரில் கோடு போட்டேன்.
பிறகு பெஞ்சில் உட்கார்ந்தான்.
காயம் இல்லை. கோபம் இல்லை. கணக்கு.
“கோச் முடிவு, சார்” என்பார் தீனதயாளன்,
போனை எடுத்த நாட்களில்.

ஆறு வாரம் கழித்து,
ஆடுகள் கத்தும் கொட்டகையில்
ரசீதுப் புத்தகத்தில் போனைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எண்பத்தேழாவது நிமிஷம்.
அவர்களுடைய இடதுபுறத்துப் பையன்
கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.
மணிப்பூர்க்காரன். பத்தொன்பது வயசு.
பெஞ்சில் மிச்சம் ஒரு கோல்கீப்பர், ஒரு கசாலி.

“அல்லா, அவன் எந்திரிக்கக் கூடாது.”

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
ரசீதுக்கு நின்ற ஆட்டுக்காரர்
கையில் இருந்த சில்லறையை எண்ணுவதை நிறுத்தினார்.

ஸ்ட்ரெச்சர் வந்தது.
கசாலி இறங்கினான். ஆறு நிமிஷம்.
பந்தை இரண்டு தடவை தொட்டான்,
ஒன்று வெளியே போனது.
நாலு லட்சம்.

பணம் வர இரண்டு மாசம். வரி போக வந்தது.
ரசீதில் ‘இரண்டாம் தவணை’ என்று எழுதி
முத்திரை குத்தினேன். மை கொஞ்சம் இழுகிவிட்டது.

அந்தப் பையனை ராத்திரிகளில் போனில் தேடுகிறேன்.
தசை கிழிந்திருந்ததாம்.
சீசன் முடிந்ததும் கிளப் அவனை விட்டுவிட்டது,
விலை இல்லாமல், கயிறும் இல்லாமல்.

நேற்று ரசவு மைதீனிடம் சொன்னேன்,
என் வாயில் வந்ததையும் சேர்த்து.
வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.
“முட்டியா?”
“இல்ல. கெண்டைக்கால்.”
“எடது காலாட்டக்காரந்தான?”
“ஆமா.”
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.
“இங்க வருவானான்னு கேளு.”