விட்டுவைத்த வெள்ளை

மூன்று வாரமாக இவாகிச்சி
கைகளைக் குவித்தபடியே நிற்கிறான்.
உள்ளங்கைகளுக்கு நடுவே நெல்லிக்காயளவு ஒளி.
எதிரியும் பெருந்தன்மையோடு காத்திருக்கிறான்.

மூச்சைத் திரட்டுகிறான் என்று நினைக்கிறார்கள் வாசகர்கள்.
ஓவியர் ஹிசாமுராவுக்கு மணிக்கட்டில் வீக்கம்,
அவ்வளவுதான்.

நெரிமாவில், ரயில் போனால்
மசிக்குப்பி நடுங்கும் அறை.
ஹகுரோகென் என்னும் வெண்பனிக் குத்து
இன்றிரவு வெடித்தாக வேண்டும்.
ஆறு மணிக்கு அச்சகத்து ஆள் வருவார்.

வெடிப்பு என் வேலை.
அளவுகோலைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து
விளிம்பிலிருந்து மையம் நோக்கி ஒரு கோடு;
மையத்தைத் தொடுமுன் பேனாவைத் தூக்கிவிட வேண்டும்.
இப்படி அறுநூறு.

சக்தியை யாரும் வரைவதில்லை.
அதைச் சுற்றி இருட்டை வரைகிறோம்.
தாள் தன்பாட்டுக்கு வெளுத்துக் கிடக்கிறது,
மலை பொடியாகிறது.

நானூற்றுப் பன்னிரண்டாவதில்
ஒரு தும்மல்.
கோடு ஒளிக்குள் பாய்ந்துவிட்டது.
வெள்ளை மைக்குக் கை நீட்டினேன்.
"இருக்கட்டும், தொகிவா," என்றார் ஹிசாமுரா,
ஐஸ் பையை இடம் மாற்றி வைத்தபடி.
"அவனுக்கும் வலிக்காதா?"

ஆறேகாலுக்கு முக்குக் கடை.
தானியங்கிக் கதவு என்னைக் கண்டுகொள்ளவில்லை.
இரண்டடி பின்வாங்கி,
கால் அகற்றி,
மசியேறிய உள்ளங்கையை நீட்டினேன்.

திறந்தது.

உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்த பையன்
துடைப்பத்தை மார்புக்குக் குறுக்கே பிடித்து
ஷூ கிறீச்சிட
ரொட்டி அடுக்குவரை பின்னால் சறுக்கிப் போனான்.
பிறகு நிமிர்ந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு,
"வாங்க" என்றான்.