சிரிக்கக் கூடாது

தோ பாயோ, இரண்டாம் மாடி,
சலவைக்கடைக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ.
கடவுச்சீட்டுக்கு ஒரு படம்.

காது தெரியணும், என்றார் மிஸ்டர் குவெக்.
முடியை ஒதுக்கினேன்.
பல் தெரியக் கூடாது.
சிரிக்கவே கூடாது லா.

முப்பத்தெட்டு வருஷமாய்
எல்லாக் கல்யாணத்திலும்
"குணவதி, கொஞ்சம் சிரியேன்" என்றவர்களே,
கேட்டுக்கொள்ளுங்கள்.
சட்டமே சொல்கிறது.

தூக்கிப் பிடித்திருந்த கன்னங்களை
ஃபேர்பிரைஸ் பையைப் போல்
இறக்கி வைத்தேன்.
தோளும் கூடவே இறங்கியது.
இரவு பத்தரை மணி எம்ஆர்டியில்
யாரும் பார்க்காதபோது இருக்கும் முகம்
பகலிலும் இருந்திருக்கிறது.

வெள்ளைச் சுவர். ஒரு சொடுக்கு.

கணினியில் காட்டினார்.
அட, இவளா.

ஒன்று போதும், என்றார்.
நாலு போடுங்கள், என்றேன்.
மிச்சம் மூன்றும் எதற்கென்று
அவர் கேட்கவில்லை.