நான்காவது தடம்

என் பட்டியலில் நாற்பத்தொரு பள்ளிகள்.
விசில் ஊதத் தெரிந்த ஆசிரியர் பதினேழு பேர்.
மிச்சத்துக்குக்
கணக்கு வாத்தியார், நூலகப் பொறுப்பாளர்,
கண்டனூரில் ஒரு சத்துணவு அமைப்பாளர்.
அந்த அம்மாதான்
கோகோவுக்குக் கம்பம் நட்டுக் கொடுத்தது.
அளவு சரியாக இருந்தது.
"பி.டி. பீரியடா? அதுலதான் மேடம்
சயின்ஸ் போர்ஷனை முடிக்கிறோம்" என்கிற
தலைமையாசிரியர்களை நான் எண்ணி வைப்பதில்லை.

புதுவயலில் குறுவட்டப் போட்டி.
சுண்ணாம்புத் தூளுக்கு ஒப்புதல் வரவில்லை.
மூன்று நினைவூட்டல் போட்டேன்,
மூன்றுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில்.
விடிகாலை ஐந்தரைக்கு
அரிசி ஆலை வாசலில் போய் நின்றேன்.
"எத்தனை மூட்டை வேணுமோ அள்ளிக்கங்க,
கொட்ட இடமில்லாமத்தான் கிடக்கு" என்றார்கள்.

உமிச்சாம்பல்.
செம்மண்ணில் கறுப்புக் கோடு
சுண்ணாம்பைவிட எடுப்பாகத்தான் விழுந்தது.
செபஸ்தியான் சார் கயிறு பிடிக்க
ஆறு தடம் போட்டு நிமிர்ந்தபோது
இரண்டு பேர் மூக்குத் துவாரமும் கறுப்பு.

பரிசு, எவர்சில்வர் வாளி.
பள்ளத்தூரில் பூட்டிய வீடொன்றிலிருந்து
சாக்கில் கட்டி அனுப்பியிருந்தார்கள்.
ஒவ்வொன்றின் விளிம்பிலும்
புள்ளி புள்ளியாய் வெட்டிய எழுத்து:
மு.ராம.சித.
யார் ஜெயித்தாலும் பெயர்
முன்பே வெட்டியாகிவிட்டது.

நானூறு மீட்டர், மாணவியர்.
நான்காவது தடத்தில் பாண்டிமீனா,
பீர்க்கலைக்காட்டுப் பிள்ளை.
வெறுங்கால். ஆறு பேருக்குமே வெறுங்கால்தான்.
போன வருஷம் வந்த ஷூ அத்தனையும்
ஒரே அளவு, எட்டு.

இரண்டாம் சுற்றில், வளைவில்,
கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு காற்று.
கோடு எழுந்து
நடக்கத் தொடங்கிற்று.

அவள் முதலில் வந்தாள், பத்து எட்டு முன்னால்.
கடிகாரத்தை அமுக்கியவர்
திறந்த வாயை மூட மறந்து நின்றார்.
அதற்குள் எழுத்து மூலம் புகார்,
நூறு ரூபாய்க் கட்டணத்தோடு:
வளைவில் உள்கோட்டை மிதித்தாள்.

எந்தக் கோடு என்று கேட்டேன்.
எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

காலைக் காட்டு என்றேன்.
இடது பாதம் முழுக்கக் கரி.
"பாத்தீங்களா மேடம்" என்றார் புகார்காரர்.
மற்ற ஐவரையும் காட்டச் சொன்னேன்.
ஒற்றைக்காலில் ஐந்து பிள்ளைகள்,
ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தபடி.
கால் மாற்றிக் காட்டினார்கள். பத்தும் கரி.
கடைசியில் நின்றவள் சிரித்துவிட்டாள்.
என் கான்வாஸையும் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

விதிப்புத்தகத்தில் காற்றுக்கு ஒரு பக்கம் உண்டு.
அது நூறு மீட்டருக்கு, நீளம் தாண்டுதலுக்கு.
கோடே ஓடினால் என்ன செய்வதென்று
எழுதவில்லை.

மறு ஓட்டம், நான்கரைக்கு என்றேன்.
அதைவிட நியாயமாக வேறு தோன்றவில்லை.
இன்றைக்கும் தோன்றவில்லை.

"நான் ஓடியாச்சு" என்றாள் பாண்டிமீனா.
கோபம்கூட இல்லை,
சாப்பிட்டாச்சு என்பதுபோல.
குழாயடிக்குப் போய்க் காலைத் தேய்த்தாள்.
புங்க மரத்தடியில் உட்கார்ந்து
டப்பாவைத் திறந்து புளிச்சோறு தின்றாள்.

நான்கரைக்கு ஐந்து பேர் ஓடினார்கள்,
வேண்டாவெறுப்பாக.
நான்காவது தடம் காலி.
வென்றவளின் நேரம்
இவள் மூன்று மணிக்கு ஓடியதைவிட ஏழு நொடி கூடுதல்.
வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
அவள் பஸ் ஏறினாள், நல்ல பிள்ளை,
அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.
அந்த இன்னொரு கடிகாரத்தை
நான் இன்னும் பூஜ்யத்துக்குத் திருப்பவில்லை.

படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
தகுதி, தகுதி நீக்கம், வரவில்லை.
இருபதடி தள்ளி அவள் விரல் நக்கிக்கொண்டிருக்க
வரவில்லை என்று எழுதினேன்.

நேற்றுச் சுண்ணாம்பு வந்து சேர்ந்தது.
பன்னிரண்டு மூட்டை. வழியில் மழை,
இரண்டு கல்லாகிவிட்டது.
இருப்புப் பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டேன்.

நாளை கோட்டையூரில் கபடி.
அங்கே கோட்டைக்
காலால் கீறினால் போதும்.