பத்துப் புலம்

மின்சாரம் போய் வந்த பிறகும்
நுணுக்குக்காட்டியின் விளக்கு சற்று நடுங்குகிறது.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, நோயியல் கூடம், பிற்பகல் மூன்று.
கண்ணாடித் தகட்டில்
சம்மாந்துறை உதுமாலெவ்வையின் நுரையீரல்
வெங்காயத் தோலிலும் மெலிதாக.

பத்துப் புலம் எண்ண வேண்டும்.
ஒவ்வொரு புலத்திலும்
பிரிந்துகொண்டிருக்கும் கலங்கள் எத்தனை என்று.
புலம் என்றால் வயல் என்றும் பொருள்.
படிவத்தில், தொழில் என்ற இடத்தில்,
யாரோ பச்சை மையில் எழுதியிருக்கிறார்கள்:
வட்டவிதானை.

முதலாவதில் மூன்று.
இரண்டாவதில் ஏழு.
மூன்றாவதில் ஒன்று
இரண்டு பக்கம் அல்ல, மூன்று பக்கம் இழுபடுகிறது,
நாவற்பழக் கறையாய்.

கலத்துக்குள்ளும் ஒரு விதானை உண்டு.
மூன்று எழுத்தும் ஓர் எண்ணும் அந்த மரபணுவின் பெயர்,
லொறியின் இலக்கத்தகடு மாதிரி.
நாற்பத்தாறு நிறமூர்த்தங்களும்
இரு பக்கமும் கயிறு பூட்டி
நடுவில் வந்து நிற்கும்வரை
'பொறு' என்று சொல்லவே அது.
ஒன்றே ஒன்று கயிறில்லாமல் அலைந்தாலும்
மடை திறவாது.

உதுமாலெவ்வையும் அப்படித்தானாம்.
கடைசி வரவைக்கு வரம்பு கட்டி முடியாமல்
வாய்க்கால் பலகையில் கை வைக்க விடமாட்டாராம்.
மண்வெட்டியோடு சண்டைக்கு வந்தவனிடமும்
"பொறு தம்பி, வெள்ளாமை எங்கயும் ஓடிப் போகாது."
மகள் ஜெசீமா சொன்னாள்,
றிப்போட் எப்ப வரும் என்று கேட்க வந்த இடத்தில்,
கேட்காமலே.

உவமை இவ்வளவு தூரம்தான் ஓடும்.
மரபணு நித்திரை கொள்ளாது, கைக்காசு வாங்காது.
எழுத்தொன்று மாறிற்றா,
குரல் அடைத்துப் போயிற்றா,
இல்லை, அளவுக்கு மிஞ்சிக் கத்திற்றா,
இந்தச் சாயத்தில் அது தெரியாது.
கொழும்புக்கு அனுப்பலாம். காசு கட்டவேண்டும்.
எனக்குத் தெரிவது
தண்ணீர் பாய்ந்து வரம்புடைந்த வயல்தான்.

"பீடியாலயா, டொக்டர்?
இல்லாட்டி வயலுக்கு அடிச்ச எண்ணெயாலயா?"
நான் டொக்டர் இல்லை என்றேன்.
அந்த ஒரு பதில்தான் என்னிடம் இருந்தது.

ஒன்பதாவதில் ஐந்து.
பத்தாவதின் ஓரத்தில் ஒரு கலம்:
எல்லா மூர்த்தமும் நடுக்கோட்டில்,
ஒன்றும் பிசகாமல், வரிசையாய்.
யாரோ இன்னும் 'பொறு' என்று சொல்லிக்கொண்டிருக்க,
அது கேட்டுக்கொண்டு நிற்கிறது.

வெகுநேரம் பார்த்தேன்.
பிறகு அதையும் சேர்த்து எண்ணினேன்.
எண்ணத்தான் வேண்டும்.
மொத்தம் நாற்பத்தொன்று.